ஈரத்துக்குக் கழித்த அரைக் கிலோ

1978 நவம்பர் 9

மூன்றாம் நாளாக மழை. உப்புப் பாத்தியெல்லாம் குளம். இனி தை வரை யாருக்கும் வேலை கிடையாது. உப்பு நிறுக்கிற எனக்காவது மாதச் சம்பளம். வாருகிறவர்கள் என்ன தின்பார்கள்? கேட்க நாதியில்லை. அர்ச்சுனன் மட்டும் வழக்கம்போல இளித்துக்கொண்டு திரிகிறான். ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து இதே முகம்.

நவம்பர் 14

காலையில் ஏட்டு கலியன் ஆள் அனுப்பினார், தராசோடு வரச்சொல்லி. உப்புக் கொட்டகைக்குப் போனால், விலங்கோடு அர்ச்சுனன். பக்கத்தில் அவன் சைக்கிள், பிரித்த உப்பு மூட்டை, அதற்குள்ளிருந்து எடுத்த கஞ்சாப் பொட்டலம்.

நான் சாட்சியாம். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

கலியன் ஒன்றையும் விடாமல் முறைப்படி செய்தார். பொட்டலத்தை வில்தராசில் மாட்டினேன். “நாலரை” என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு மளிகைக்கடைத் தராசில் ஐம்பது ஐம்பது கிராமாக இரண்டு மாதிரி. ஒன்று சென்னைக்குப் பரிசோதனைக்கு, ஒன்று கோர்ட்டுக்கு. மீதியைத் தனியாகத் துணியில் கட்டினார். ஒவ்வொரு முடிச்சின் மேலும் அரக்கு உருக்கி முத்திரை, சீட்டில் எங்கள் கையெழுத்து.

கடல்காற்றில் மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனது. அரக்கு உருகவில்லை. “இப்படிக் காட்டுங்க ஏட்டய்யா” என்று அர்ச்சுனன் விலங்கு மாட்டிய கைகளைக் குவித்துச் சுடரை மறைத்தான். தன் கேஸுக்குத் தானே ஒத்தாசை. இவனை என்ன செய்வது?

நவம்பர் 15

அர்ச்சுனன் வீட்டைத் தாண்டாமல் சுற்றுவழியில் போய்வந்தேன்.

டிசம்பர் 2

ஜாமீனில் வந்துவிட்டான். உள்ளே என்ன இருந்ததென்று தெரிந்தேதான் எடுத்துப்போனாயா என்று கேட்டேன்.

“தெரியும்டா. மழையில எவன் உப்பு வாங்குறான்?”

கொடுத்தது ஒரு லாரிக்காரன். பேரைச் சொல்லமாட்டேன் என்கிறான். சொன்னால் ஊரில் குடியிருக்க முடியாதாம். பிடிபட்டது சைக்கிள். லாரி வானூர் ரோட்டில் ஜோராக ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன்.

1979 பிப்ரவரி 20

திண்டிவனம் கோர்ட். அர்ச்சுனனின் வக்கீல் கஞ்சா மூட்டையை நிறுக்கச் சொன்னார். முத்திரை உடையாமல் அப்படியே இருந்தது. மாதிரி போக உள்ளே நாலு கிலோ நானூறு இருக்கவேண்டும். இருந்தது நாலு தொள்ளாயிரம்.

“அரக்கு வச்ச மூட்டைக்குள்ள அரைக் கிலோ முளைச்சுதா?” என்றார் வக்கீல். கலியன் முகம் செத்துப்போயிற்று. என்னை மார்ச் ஒன்றாம் தேதி விசாரிப்பார்கள்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அன்றைக்கு முள் நின்றது ஐந்தில். நாலரை என்றது என் நாக்கு. வாருகிறவர்களுக்கு எடைக்குத்தான் கூலி. உப்பு மூட்டைக்கு ஈரம் என்று நூற்றுக்குப் பத்து கழித்துச் சொல்வது முதலாளி உத்தரவு. நாலு வருஷமாகக் கழித்துக் கழித்து, முள்ளைப் பார்த்ததும் தானாக வருகிறது. அட மடையா.

பிப்ரவரி 22

அர்ச்சுனன் மனைவி அமராவதி வந்தாள். “நாலரைன்னே சொல்லுண்ணா. அது போதும்னாரு வக்கீலு.”

அப்படிச் சொன்னால் கலியன்தான் உள்ளே திணித்தார் என்று ஆகிவிடும், வேலை போய்விடும் என்றேன்.

“ஏட்டு வூட்ல எப்படியும் உலை கொதிக்கும். எங்க வூட்ல?”

அவள் கேட்டது நியாயம்.

பிப்ரவரி 26

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்குமுன் அவனே ஆரம்பித்தான்.

“ஈரம் கழிச்சிட்டே, இல்ல? எனக்கு அன்னிக்கே தெரியும். முள்ளு என் பக்கம்தான் இருந்துது.”

ஏன் அப்போதே சொல்லவில்லை என்றேன்.

“கழிக்காதடான்னு நாலு வருஷமா சொல்லி வாய் வலிக்குது. அன்னிக்கு ஒரு நாள் எனக்குத் தோதா கழிச்சே, அதையும் வேணாம்னு சொல்வேனா?”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு குனிந்தபடியே சொன்னான். “எனக்கோசரம் பொய் சொல்லாத. சொல்லிட்டு என் மூஞ்சியில முழிக்கமாட்டே நீ. உன்னை எனக்குத் தெரியாதா?”

மார்ச் 1

சொல்லிவிட்டேன். முள் ஐந்து காட்டியது, பழக்கத்தில் கழித்துவிட்டேன் என்று. ஈரமே இல்லாத உப்புக்கும் முதலாளி கழிக்கச் சொல்வார் என்றும் சொன்னேன். அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக்கொள்ளவில்லை. ஐம்பது கிராமுக்கு அரக்கு, முத்திரை, கையெழுத்து. எங்கள் ஜனத்திடம் வருஷக்கணக்காகக் கழித்ததற்கு ஒரு சீட்டு உண்டா?

கூண்டிலிருந்து அர்ச்சுனன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். அமராவதி பார்க்கவில்லை.

மார்ச் 8

ஆறு மாதம்.

மார்ச் 9

இனி நிறுக்கமாட்டேன் என்றேன். கணக்குப்பிள்ளை சிரித்தான். “அர்ச்சுனன் பாத்தி காலியாத்தான் இருக்குது. போய் வாரு.” போனேன். அந்தக் கூலி அவன் வீட்டுக்கு. அமராவதி வாங்குகிறாள், பேசுவதில்லை.

மார்ச் 21

கடலூர் ஜெயிலில் பார்க்கவிடும் நாள். ஒரே பஸ்ஸில் போனோம், அவள் முன்னால், நான் கடைசியில். வாசலில் மனுச்சீட்டு கொடுத்தார்கள். அவளுக்கு எழுதத் தெரியாது. என்னிடம் நீட்டினாள். அவள் பெயரை எழுதி, மனைவி என்று போட்டேன். கீழே என் பெயர். கைதிக்கு என்ன உறவு என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. அவனை உள்ளே அனுப்பிய சாட்சி என்றா எழுதுவது?

எட்டிப் பார்த்தாள்.

“மச்சான்னு போடுண்ணா. என் கூடப் பொறந்தவன்னு நான் சொல்லிக்கிறேன்.”

போட்டேன்.