துறைமுகத்தில் நாவோ சொன்னது

நவ. 1, ஞாயிறு

விடியற்காலை முதல் மழை. பூசை முடிந்து சாந்தோமிலிருந்து தி.நகர் போய்ச் சேர்வதற்குள் சேலை முழங்கால் வரை நனைந்துவிட்டது. சேகரின் ஜெராக்ஸ் கடைக்கு ஞாயிறு விடுமுறை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வழக்கம்போல மூன்று பேர். சேகர் வீடியோ கேமில் பொத்தானை அமுக்குவான். வசுதா தான் வேலை பார்க்கும் பேங்கின் நோட்டுப் புத்தகத்தில் மேப் வரைவாள். நான் திரையில் வரும் ஜப்பானிய மொழியைப் படித்துத் தமிழில் சொல்வேன். ஒன்றரை வருடமாக இதே பிழைப்பு.

கேமுக்கு நாங்கள் வைத்த பெயர் 'துறைமுகம்'. நாவோ என்ற பெண். ஊரையே எதிரிக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு ஓடிப்போன அவள் அண்ணன் ரென். அவனைத் தேடி அவள் போகும் பயணம். நாற்பது மணி நேரக் கதை. ஒருமுறை முடித்தாயிற்று, இப்போது இரண்டாம் சுற்று.

இன்று செய்தி. வெளிநாட்டு ரசிகர்களின் மெயில் குழுவிலிருந்து சேகரின் கடைக் கம்ப்யூட்டருக்கு வந்தது. 'துறைமுகம்' ஆங்கிலத்தில் வரப்போகிறதாம். மார்ச்சில் அமெரிக்கா, பிறகு ஐரோப்பா.

சேகர்: "ஐரோப்பா டிஸ்க்கு நம்ம டிவில கலர்ல வரும் ரெஜினா. நாவோ முடி இன்னா கலருன்னு அப்பதான் தெரியும்." ஜப்பான் டிஸ்க் நம் டிவியில் கறுப்பு வெள்ளைதான். அட்டை இல்லாமல் வாங்கியது வேறு.

வசுதா: "இனிமே நானே படிச்சுக்கலாம். பாவம், வாராவாரம் உன் தொண்டைதான் போறது."

இருவருக்கும் தலைகால் புரியவில்லை. நானும் சிரித்து வைத்தேன். பஜ்ஜி சாப்பிடவில்லை.

நவ. 2, திங்கள்

கல்லறைத் திருநாள். அப்பா கல்லறைக்கு அம்மாவோடு. மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை, ஐந்து முறை ஏற்றினோம். அடையாறு ஆபீசுக்கு மதியம் போனேன். ஒசாகாவிலிருந்து வந்த கடிதம், வால்வு பற்றி மூன்று பக்கம், ஒரு சொல்கூட மாற்றாமல் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். அங்கே மட்டும் நான் உத்தமி.

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

ஆரம்பத்தில் தெரியாத சொற்களுக்கு நானே எதையாவது போட்டு நிரப்பினேன். மருந்துக் கடைக்காரன் விற்பதெல்லாம் கஷாயம், லேகியம். சேகர் விழுந்து விழுந்து சிரித்தான். யாருக்கும் நஷ்டமில்லை.

துறைமுகக் காட்சி அப்படி இல்லை. கடைசியில் ரென் வந்து நிற்கிறான். நாவோ சொல்வது ஒரே வரி, முதல் வருட மாணவிக்கே புரியும்: 'எனக்கு அண்ணன் கிடையாது.' எனக்கும் புரிந்தது. பக்கத்தில் வசுதா. அவளுடைய அண்ணன் ஸ்ரீதர் பம்பாயில் இருக்கிறான். அம்மா சாகக் கிடந்தபோது தந்தி கொடுத்தும் வரவில்லை. ஐந்து வருடமாக யார் கேட்டாலும் அவள் சொல்வது இதே வரிதான், எழுத்துப் பிசகாமல். ஆகஸ்டில் அந்த ஞாயிறு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொல்றா, சீக்கிரம் சொல்லு" என்றாள்.

என் வாயில் வந்தது: "வா அண்ணா. உன்மேல கோபம் இருக்கு. இருந்தாலும் வா."

அப்புறம் ஏன் அவள் மட்டும் கப்பல் ஏறுகிறாள் என்று சேகர் கேட்டான். அவன் அடுத்த கப்பலில் வருவான் என்றேன். ஒரு பொய்க்கு இன்னொன்று.

வசுதா அழுதாள். இரண்டு வாரம் கழித்து ஸ்ரீதருக்குக் கடிதம் போட்டாள். பதில் வந்தது. பதினைந்தாம் தேதி அவன் வருகிறான்.

நவ. 5, வியாழன்

மழை. கரண்ட் இல்லை, வந்தது, போனது.

மாலை சேகர் கடை. மெயில் குழுவில் ஒரே புலம்பல். குறித்துக்கொண்டேன்:
– பெயர்களை மாற்றிவிடுவார்களோ (நாவோவை நான்சி ஆக்குவார்கள் என்று ஒருவன்)
– இரண்டாவது டிஸ்க்கில் பாதியை வெட்டுவார்களோ
– ஆங்கிலத்தில் குரல் கொடுப்பது யார்
– ஐரோப்பாவுக்கு வராமலே போய்விடுமோ
– துறைமுகக் காட்சி சோகம், அமெரிக்காவில் ஓடாது, தூக்கிவிடுவார்கள் என்று வதந்தி

கடைசி வரியைப் படித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி. வெட்டிவிட்டால் நல்லது என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். இதைவிடக் கேவலம் உண்டா.

சேகருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அத வெட்டுனா அப்புறம் இன்னாத்துக்கு கேமு? மனு போடலாம்."

பால் கார்டு புதுப்பிக்க வேண்டும். குடைக் கம்பி.

நவ. 8, ஞாயிறு

மனு தயார். ஆங்கிலத்தில் எழுதியது யார்? நான்தான். என் ஆங்கிலம் நன்றாக இருக்குமாம். 'நாவோ தன் அண்ணனை மன்னிக்கும் அந்த வரியைத் தயவுசெய்து நீக்காதீர்கள். அந்த வரியால் எங்கள் ஊரில் ஒரு குடும்பம் மறுபடி சேர்கிறது.' இரண்டாவது வாக்கியம் வசுதா சொல்லச் சொல்ல எழுதியது. என் கையெழுத்து அழகாகவே வந்தது, வெட்கங்கெட்ட கை.

முப்பத்தேழு கையெழுத்து. ஹால் டிக்கெட் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களை எல்லாம் சேகர் விடவில்லை. ஒரு பெரியவர், "யாருப்பா அந்தப் பொண்ணு, ஜெயில்லயா கீது?" என்று கேட்டுவிட்டுப் போட்டாராம்.

முதல் கையெழுத்து என்னுடையது. ஒரு பிரதி அமெரிக்கக் கம்பெனிக்குத் தபாலில், இன்னொன்று மெயில் குழுவுக்கு.

நவ. 10, செவ்வாய்

ஆபீசுக்குச் சேகர் போன். நார்வேக்காரன் ஒருவன் குழுவில் பதில் போட்டிருக்கிறான். ஜப்பானிய மொழி படித்தவனாம். அப்படி ஒரு வரியே கேமில் கிடையாது, அவள் சொல்வது 'எனக்கு அண்ணன் கிடையாது', இந்தியாவில் யாரோ உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று.

சேகர்: "நல்லா குடுத்தேன் ரெஜினா அவனுக்கு. எங்காளு ஜப்பான்காரங்ககூடவே வேல பாத்துகினு கீது, உனுக்கு இன்னாடா தெரியும்னு. அவன் காப்பில எவனோ மாத்திட்டான் போல."

சரி சரி என்றேன். வசுதாவிடம் இதைச் சொல்லாதே என்றும் சொன்னேன். "ஏன், ஊர்லேந்து ஆள் வர நேரத்துல அதுக்கு டென்சனா? கரெக்டு" என்றான். இவ்வளவு நல்லவனாக இருக்க வேண்டாம்.

நவ. 12, வியாழன்

மதியம் மயிலாப்பூரில் வசுதாவின் பேங்குக்குப் போனேன், சொல்லிவிடத்தான். கவுன்டரில் வரிசை. என்னைப் பார்த்ததும், "திங்கட்கிழமைக்கு லீவு போட்டுட்டேன். ஆத்துல அப்பா மூணு நாளா ஷேவ் பண்ணிண்டு பண்ணிண்டு நிக்கறார்" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

டிமாண்ட் டிராஃப்ட் பற்றி ஏதோ கேட்டுவிட்டு வந்துவிட்டேன். டிராஃப்ட் எனக்கு எதற்கு.

ஞாயிறுக்குப் பிறகு சொன்னால் ஏமாற்றி வரவழைத்தது ஆகும். முன்னால் சொன்னால் எல்லாம் நின்றுபோகலாம். சொல்லாவிட்டால் மார்ச்சுக்குப் பிறகு ஆங்கிலத்தில் அவளே படித்துவிடுவாள். இரவு சோற்றைப் பாதியில் வைத்து எழுந்தேன். அம்மா: "ஆபீஸ்ல எதுனா பிரச்சனையா? வாயத் திறந்து சொன்னாத்தானே தெரியும்."

நவ. 14, சனி

சொல்லிவிட்டேன். ஆர்.ஏ.புரம் பஸ் ஸ்டாப், மாலை ஐந்து மணி. அவள் திரைச்சீலை வாங்கிக்கொண்டு வந்தாள்.

முழுவதும் கேட்டாள். "அவ நிஜமா என்ன சொன்னா?"

"எனக்கு அண்ணன் கிடையாது."

"அது நான் சொல்றது."

"ஆமாம். அதான் மாத்தினேன்."

"நீ யாருடீ மாத்தறதுக்கு?"

பையை என் கையில் கொடுத்துவிட்டுக் குடையை மடக்கினாள். "அவளே விட்டுக்குடுத்துட்டா, நமக்கென்னன்னு நெனச்சுதான் அவனுக்கு எழுதினேன். அவ விட்டுக்குடுக்கவே இல்லையா." கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பஸ் வந்தது, ஏறிவிட்டாள். திரைச்சீலைப் பை என் கையிலேயே இருக்கிறது.

நவ. 15, ஞாயிறு

கொட்டுகிறது. பூசையில் மனம் நிற்கவில்லை. ஒன்பதரைக்கே சேகர் கடை. அவனிடமும் சொன்னேன். ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"அப்ப அந்த நார்வேக்காரன்கிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்."

"நான் கேக்கறேன்."

"முப்பத்தேழு பேரு, ரெஜினா." ஒயரை மேசையில் போட்டுவிட்டு, "வசுதாவுக்குத் தெரியுமா?" தெரியும் என்றேன். கேமைப் போடவில்லை. டீ வாங்கி வந்தான். என் டீ ஆறியது.

பதினொன்றேகாலுக்குக் கடை போன் அடித்தது. சேகர் எடுத்து என்னிடம் நீட்டினான். வசுதா. குரல் கிசுகிசுப்பு.

"வந்துட்டான். கூடத்துல நின்னுண்டிருக்கான். அப்பா அழறார். எனக்கு வாயே திறக்க மாட்டேங்கறது."

டீ கிளாஸைத் தள்ளி வைத்தேன்.

"சொல்லுடீ. வான்னு சொன்னப்புறம் அவ என்ன சொல்றா?"

"கேமில ஒண்ணும் இல்ல வசு. அவ கப்பல் ஏறிடறா."

"கேமைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

ஒன்றரை வருடம் வாய் ஓயாமல் கதை கட்டியவள், ஒரு வரி வரவில்லை. "மழையில நனைஞ்சிருக்கானா?" என்று கேட்டேன்.

"சொட்டச் சொட்ட."

"அப்போ ஒண்ணும் சொல்லாதே. துண்டு எடுத்துக் குடு."

போனை வைக்கும் சத்தம் இல்லை. ரிசீவரை அப்படியே மேசைமேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். தூரத்தில் பீரோ கதவு கிறீச்சென்று திறந்தது.