அப்பாவின் பட்டறைக்குள் நான் போன சனிக்கிழமை

அன்பு மகள் நடாஷாவுக்கு,

அம்மா எழுதுவது. மாதாவின் கருணையால் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்தக் கிறைஸ்ட்சர்ச் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். தெரேசா அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து இப்போது காய் வாங்கப் பாசார் வரைக்கும் நடக்கிறாள். இங்கே ஜார்ஜ் டவுனில் விடாத மழை, துணி எதுவும் காய்வதில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தாலே “ஐயோ அம்மா, ஒண்ணும் ஆகாதுலா” என்று சிரித்துவிடுகிறாய், நானும் போனை வைத்துவிடுகிறேன். இதை நீ உட்கார்ந்து முழுசாகப் படிக்க வேண்டும்.

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு லேத் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு, மோட்டார்சைக்கிளைத் துடைக்கும்போதுகூடப் பாட்டு. கல்யாணமான நாளிலிருந்து அவர் பாலம் தாண்டிச் சிம்பாங் அம்பாட் பட்டறைக்குப் போய் வருகிறார், அவர் சட்டைப் பையில் கிடக்கும் இரும்புச் சுருளைப் பொறுக்கிவிட்டுத் துவைத்ததைத் தவிர அந்த வேலை என்னவென்று எனக்குத் தெரியாது. என் மகள் எதற்கு முன்னால் நிற்கிறாள் என்று நான் பார்க்க வேண்டும், கூட்டிக்கொண்டு போங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். போன சனிக்கிழமை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் எல்லாருக்கும் நாசி கண்டார் சோறு கட்டிக்கொண்டு அவரோடு போனேன்.

உள்ளே போனதும் எண்ணெய் வாசனையும் இரைச்சலும்தான். அப்பா ஒவ்வொரு மெஷினாகக் காட்டினார். லேத்தில் இரும்பு சுற்றும், கத்தி நகர்ந்து வந்து அதைச் சீவும், நாம் ஆப்பிளைச் சுற்றிச் சுற்றித் தோல் எடுப்பது மாதிரி, சீவினது சுருள் சுருளாக விழும். மில்லிங் மெஷினில் அதற்கு நேர்மாறு, இரும்பு அசையாமல் மேசையில் இறுக்கிப் பிடித்தபடி இருக்கும், கத்திதான் சுற்றும். கம்ப்யூட்டர் வைத்த மெஷின் கதவைச் சாத்திக்கொண்டு தானாகவே செய்கிறது, அதில்கூட இரும்பை ஏற்றுவதும் கத்தி மழுங்கிவிட்டதா என்று பார்ப்பதும் அளவு எடுப்பதும் மனுஷன்தான். “நாம ஏறுற பஸ், அவ போன பிளேன், ஆஸ்பத்திரிக் கட்டில், எதை எடுத்தாலும் அதுல ஒரு பாகமாவது இந்த மாதிரி மெஷின்லதான் பிறந்திருக்கும் வெரோ” என்றார். அவர் அப்படிப் பெருமையாகப் பேசி நான் கேட்டதே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் எனக்கும் மனசு இளகத்தான் செய்தது.

அப்போதுதான் அது நடந்தது. கிறிஸ்மஸுக்கு நம் வீட்டுக்கு வருவாரே ஃபிக்ரி, அப்பாவோடு வேலை செய்கிறவர், அவர் ஒரு லேத்தில் இரும்புத் தண்டைச் சுற்றவிட்டு உப்புத்தாளால் மினுக்கிக்கொண்டிருந்தார். காலையில் சுருள் கையைக் கிழித்துவிட்டதாம், அதனால் துணி க்ளவுஸ் போட்டிருந்தார். அந்தத் துணியைத் தண்டு பிடித்துக்கொண்டது. கையை உள்ளே இழுத்தது நடாஷா. எவ்வளவு பெரிய ஆள் அவர், ஈரத்துணியை இழுப்பதுபோல இழுத்தது. “மாக்!” என்று தன் அம்மாவைக் கூப்பிட்டு அவர் கத்தின கத்தல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. என் பக்கத்தில் நின்ற அப்பா எப்படி அங்கே போனார் என்றே எனக்குத் தெரியாது, லேத்துக்கு அடியில் இருக்கும் பிரேக்கைக் காலால் ஓங்கி மிதித்தார், அது நின்றது. பிறகு ஃபிக்ரியின் தோளைத் தாங்கிக்கொண்டு, கையைப் பார்க்காதே, என்னைப் பாரு, என்னை மட்டும் பாரு என்று மலாயில் சொல்லிக்கொண்டே இருந்தார், ஆம்புலன்ஸ் வரும்வரைக்கும் நிறுத்தவில்லை. நான் சோற்றுப் பொட்டலத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

எல்லாரும் போனபிறகு அப்பா கை கழுவக் குழாயடிக்குப் போனார், அவரால் குழாயைத் திருக முடியவில்லை. நான்தான் திறந்துவிட்டேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “தெனமும் பயந்துகிட்டுதான் உள்ள போறேன் வெரோ, உன்கிட்ட சொன்னா நீ தூங்க மாட்டேன்னு சொல்லல” என்றார். இத்தனை வருஷமாக இந்த மனுஷனுக்குப் பயமே தெரியாது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் பூசை முடிந்து ஃபிக்ரியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன்கை எலும்பு முறிந்து தகடு வைத்திருக்கிறார்கள், கை இருக்கிறது, விரல்கள் முன்போல மடங்குமா என்று டாக்டரே சொல்லவில்லை. அவர் மனைவி இமான் என்னைக் கட்டிக்கொண்டு, உங்கள் வீட்டுக்காரர் இல்லாவிட்டால் என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. ஃபிக்ரியோ அந்த வலியிலும் நீ எந்த மெஷினில் நிற்கிறாய் என்று அப்பாவிடம் விசாரித்தார், க்ளவுஸ் போட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள் அக்கா என்று என்னிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் நான் அழுதேன். அவளை அந்த வேலையை விடச் சொல்லுங்கள், நீங்கள் சொன்னால் கேட்பாள் என்றேன். அப்பா முடியாது என்றுவிட்டார். “அவளுக்குப் பிடிச்சிருக்கு, அவளுக்கு இந்த வேலை கைவரும், நான் சொல்ல மாட்டேன். பயப்படச் சொல்லு, விடச் சொல்லாதே” என்றார். அதனால் நானும் சொல்லவில்லை, சொல்லத்தான் நாக்குத் துடிக்கிறது.

சுற்றுகிற எதற்குப் பக்கத்திலும் க்ளவுஸ் வேண்டாம் மகளே, மோதிரம் வேண்டாம், கழுத்தில் கிடக்கும் மாதா செயினைக் கழற்றிவிடு, மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். சுருளைக் கையால் இழுக்காதே, மெஷின் முழுசாக நின்றபிறகு அளவெடு, கண்ணாடி போடு. வேலை முடிந்து வெளியே வந்ததும் எனக்கு ஒரு மெசேஜ், ஒரு சொல் போதும், அது வரும்வரை நான் இங்கே எதையும் தொட மாட்டேன். இன்னொன்று. முடியைக் கட்டித் தொப்பிக்குள் வைத்தால் போதும் என்று அப்பா சொல்கிறார், எனக்குப் போதவில்லை. நான் எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, யாரையும் தொடவிடாமல் வளர்த்த முடிதான். வெட்டிவிடு. முழுசாக வெட்டிவிடு.

உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தமிடுகிறேன். ஆண்டவர் உன் பத்து விரலையும் காக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
வெரோனிக்கா ரேமண்ட்