புகை கக்கிய வண்டியும் நீ சொன்ன இரண்டு நாளும்

அக்கா,

எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கையில் பெட்ரோல் வாசனை போகவில்லை. தயிர்சாதத்தை வாய்க்குக் கொண்டுபோனால் உன் வண்டிதான் முன்னால் வந்து நிற்கிறது. இதே வாசனையோடு நீ வந்து சாப்பிட உட்காருவாய். "சீ, போய்க் கையைக் கழுவிட்டு வா" என்று நான் கத்துவேன். "கழுவிட்டுத்தான்டி வந்தேன்" என்பாய். ஒரு நாளும் நான் நம்பியதில்லை. இன்றைக்கு நம்புகிறேன்.

ஒரு மாதமாக உன் டூ ஸ்ட்ரோக் கிழத்தை ஓட வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்குரியாவில் நம் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, நீ நிறுத்திவிட்டுப் போன இடத்திலேயே அது ஒரு வருடமாக நின்றது. போன வருடம் தெருவில் பூஜைக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்த சமயத்தில், "ஏதோ டெஸ்ட் எடுக்கணுமாம், ரெண்டு நாள்ல வந்துடுவேன்" என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாய். அந்தப் பந்தலைப் பிரிக்கும்போது உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தோம். உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று டாக்டர் எங்களிடம் சொன்னதே உனக்கு நினைவு தப்பிய பிறகுதான். அதனால் உனக்கு வலி இருந்தது, பயம் இருக்கவில்லை என்று நானும் அம்மாவும் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே இந்த வருடத்தை ஓட்டினோம். "அவளுக்கு ஒண்ணுமே தெரியாது, அந்த மட்டுக்கும் சாமி கண்ணைத் திறந்துச்சு" என்று அம்மா சொல்லாத நாளில்லை. அதைச் சொன்னால்தான் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்குகிறது.

வண்டியை ஏன் தொட்டாய் என்று கேட்காதே. படியில் ஏறி இறங்கும்போதெல்லாம் அது ஊமையாக நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை, அவ்வளவுதான்.

கிக்கரை உதைத்தால் கிளம்பியது. ஆனால் அது ஒரு கிளம்பலா? பட பட என்று திணறும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் படிக்கட்டெல்லாம் புகையைக் கக்கிவிட்டுச் செத்துப்போகும். மாடி வீட்டுப் பெங்காலிக்காரர், நம் காக்கு, இருமிக்கொண்டே எட்டிப் பார்த்து "கீ கொர்ச்சோ, மா!" என்று அலறுவார். என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிந்தால் அல்லவா அவருக்குச் சொல்ல!

லேக் மார்க்கெட்டில் ஒரு முறை இது நின்றுபோனது ஞாபகம் இருக்கிறதா? நான் முருங்கைக்காயும் கறிவேப்பிலையுமாகப் பையைப் பிடித்துக்கொண்டு வெட்கத்தில் நெளிகிறேன். நீ நடைபாதையிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து பிளக்கைக் கழற்றுகிறாய். மளிகைக்கடை அண்ணாச்சி வெளியே வந்து, "ஏம்மா, ஆட்டோ பிடிச்சுத் தரட்டுமா?" என்றார். "ஆட்டோ நின்னுபோனா என்னைக் கூப்பிடுங்க அண்ணாச்சி" என்றாய். மனுஷன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "பெட்ரோல், கரண்டு, காத்து. இந்த மூணுல ஒண்ணுதான்டி. வேற பிசாசு கிடையாது" என்றாய்.

அந்த வரிசையில்தான் போனேன். பெட்ரோல் தாராளமாக வந்தது. கார்புரேட்டரைத் திறந்தேன். ஒரு வருடம் நின்ற வண்டியில் பெட்ரோல் காய்ந்து பசையாக ஒட்டியிருக்கும் என்று பயந்தால், உள்ளே கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. நம் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து கரண்டு. பிளக்கைக் கழற்றினால் எண்ணெயில் முங்கி எடுத்ததுபோல் வழிந்தது. இவ்வளவு எண்ணெய் எப்படி வந்தது என்று யோசிக்காமல் துடைத்து மாட்டினேன். பொறி நீலமாக, நன்றாகத்தான் வந்தது. புகை மட்டும் நிற்கவில்லை. பெஹாலாவிலிருந்து வந்த மெக்கானிக் இரண்டு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, இஞ்சின் முடிந்தது, விற்றுவிடுங்கள் தீதி என்றார். எனக்கு வந்த கோபத்தில் டீகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். அவர் என்ன செய்வார், பாவம். முடிந்தது என்ற வார்த்தையை யார் சொன்னாலும் எனக்கு இப்போது ஆவதில்லை.

மிச்சம் காற்றுதான். சீட்டுக்குக் கீழே ஃபில்டர் டப்பாவின் போல்ட் துருப்பிடித்து அசைய மறுத்ததால் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருந்தேன். இன்று காலையில் எண்ணெய் விட்டு, தட்டி, திட்டி, ஒருவழியாகத் திறந்தேன். காற்று போகும் வாயில் ஒரு துணி. உன் பழைய நீலத் துப்பட்டாவைக் கிழித்து, சுருட்டி, பாங்காக அடைத்திருந்தது. இழுத்ததும் முழுசாக வந்துவிட்டது. ஒரே உதை. திணறல் இல்லை, புகை அடங்கியது, வண்டி மூச்சு விட்டது. "கிடைச்சுடுச்சுக்கா!" என்று கத்தியே விட்டேன்.

கத்திய வாய் மூடுவதற்குள் புரிந்துவிட்டது. உன்னை ஆபீஸில் ஆறு மாதம் கௌஹாத்திக்கு அனுப்பியபோது நீ இதே வேலையைச் செய்தாய். கார்புரேட்டரைக் காலி செய்து துடைத்தாய். பிளக் இருந்த ஓட்டையில் நான் ஸ்பூனால் எண்ணெய் விட்டேன். ஈரமும் எலியும் போகக் கூடாதென்று காற்று வாயில் துணி அடைத்தாய். எதற்கு இத்தனை கூத்து என்று கேட்டதற்கு, "மாசக்கணக்கா நிக்கப் போற வண்டிடி" என்றாய்.

இரண்டு நாளில் திரும்பி வருகிறவள் இதைச் செய்வாளா, அக்கா?

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் படிக்கட்டுக்குக் கீழே ஸ்பேனர் சத்தம் கேட்டது. நான் உள்ளே போனை நோண்டிக்கொண்டு, "என்னக்கா பண்றே?" என்றேன். "சும்மா தொடைக்கிறேன்டி" என்றாய். குரலில் ஒரு பிசிறுகூட இல்லை. பாவி, உனக்குத் தெரிந்திருக்கிறது. வண்டிக்கு எல்லாம் செய்துவிட்டுப் போனாய், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் என்ன, தாங்க மாட்டேனா? தாங்கியிருக்க மாட்டேன்தான். அதற்காக? அத்தனை பயத்தையும் வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து ரசம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டாயே, எப்படி முடிந்தது உன்னால்? சண்டை போடலாம் என்றால் நீ இல்லை.

வண்டிச் சத்தம் கேட்டு அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இறங்கி வந்தாள்.

"நல்லா ஓடுதாடி?"

"ஓடுதும்மா."

"என்ன கோளாறாம்?"

"பிளக்ல அழுக்கும்மா." துணி என் கைக்குள் இருந்தது.

அம்மா சீட்டைத் தடவிக்கொண்டே நின்றாள். "ரெண்டு நாள்ல வந்து இதை எடுத்துக்கிட்டுச் சுத்தலாம்னு நெனச்சுக்கிட்டே போயிட்டா. அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுல்ல?"

"ஆமாம்மா, தெரியாது" என்றேன்.

என் குரலிலும் பிசிறு இல்லை. நாளைக்கும் கேட்பாள், நாளைக்கும் இதையேதான் சொல்வேன். இத்தனை நாள் அம்மாவும் நானும் சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தோம். இனி நான் அவளுக்குச் சொல்ல வேண்டும், எனக்குச் சொல்ல யாரும் இல்லை.