பட்டாணியும் என் மகளின் காதும்

டீச்சர்,

இன்று பின்னேரம் எங்கள் குண்டசாலை வீட்டு மேசையெல்லாம் காய்ந்த பட்டாணி மணம். நாளைய வகுப்புக்காக மகள் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உருண்டை ஒரு பக்கம், சுருங்கியது ஒரு பக்கம், அதிலும் மஞ்சள் வேறு, பச்சை வேறு. அஞ்சாம் வகுப்போடு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையைத் தூக்கியவள் நான். என் மகள் எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். இதை எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

பக்கத்திலிருந்த பேத்தி என் தோட்டைத் தூக்கிப் பார்த்தாள். “அம்மாயி, உங்க காது கன்னத்தோட ஒட்டியிருக்கு, என்னோடது மாதிரியே. படத்துல தாத்தாவுக்கும் அப்படித்தான். அம்மாவுக்கு மட்டும் ஏன் தொங்குது?”

மகளின் விரல்கள் நின்றுவிட்டன. அன்று உங்கள் வகுப்பு யன்னலோரம் நின்ற பயம் எனக்குத் திரும்பி வந்தது.

அப்போது மகளும் எட்டாம் வகுப்பு. தோட்டத்திலிருந்து பஸ் ஏறிக் கண்டிக்கு உங்களிடம் படிக்க வந்துகொண்டிருந்தாள். “அம்மா, வீட்டுல எல்லாருக்கும் காது எப்படி, முடி எப்படின்னு பார்த்துட்டு வந்து நாளைக்குச் சொல்லணுமாம். ரெண்டு குணம் எப்படி ஒண்ணா வருதுன்னு டீச்சர் படிப்பிக்கப் போறாங்க” என்றாள்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் ஒட்டிய காது, கோரைமுடி. அவளுக்குத் தொங்கும் காது, சுருட்டைமுடி. ஒன்றென்றால் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். இரண்டும் சேர்ந்து காட்டிக்கொடுத்தால்? பழைய தோட்டத்தில், பெற்றதும் கண்ணை மூடிவிட்ட பக்கத்து வீட்டுக்காரியின் பிள்ளை அவள். தகப்பன் இந்தியப் பிரசைக் கடதாசி கிடைத்து அங்கேயே குடியேறப் போகும்போது எங்கள் கையில் தந்துவிட்டுப் போனான். யாரும் அவளிடம் இதைச் சொல்லிவிடக் கூடாதென்றே நாங்கள் வேறு தோட்டத்துக்கு மாறினோம். “தெரிஞ்சா நம்மள விட்டுப் போயிரும்” என்று சொல்லி அவர் அன்று சோற்றைத் தொடவில்லை.

விடிந்ததும் மகளுக்கு முந்திய பஸ்ஸில் வந்து உங்களை மறித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அவவை மட்டும் விட்டால் மற்றப் பிள்ளையள் ஏனெண்டு கேப்பினம்” என்றீர்கள், உங்கள் யாழ்ப்பாணப் பேச்சில்.

“அப்ப பாடத்தையே நிப்பாட்டுங்க டீச்சர்.”

“பாடத்தை நிப்பாட்டேலாது. பாப்பம்.”

அதற்குள் மணி அடித்துவிட்டது.

யன்னலுக்கு வெளியே ஒதுங்கி நின்றேன். முதல் கையைத் தூக்கியது என் மகள். “டீச்சர், எங்க வீட்டுல…”

“பொறு பிள்ளை. முதல்ல என்ர காதைப் பாருங்கோ.” தோட்டைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள். “என்ர அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் ஒட்டின காது. எனக்குத் தொங்குது. அப்ப நான் தவிட்டுக்கு வாங்கின பிள்ளையோ?”

வகுப்பே சிரித்தது. என் மகளும் சிரித்தாள்.

“காதையும் முடியையும் வைச்சு ஆரும் ஆரின்ர பிள்ளை எண்டு சொல்லேலாது. அது லேசான கணக்கில்லை. வீட்டை விடுங்கோ, பட்டாணிக்கு வருவம்.”

உருண்டை மஞ்சளும் சுருங்கிய பச்சையும் கலந்தால் பிறப்பதெல்லாம் உருண்டை மஞ்சள். அவை தமக்குள் கலந்தால் நாலு வகை. பதினாறுக்கு ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று என்று மேசையில் குவித்தீர்கள். சுருங்கிய மஞ்சள் ஒன்றைத் தூக்கிக் காட்டினீர்கள். “பாட்டன் பாட்டி ஒருத்தரும் இப்பிடி இல்லை. உருவம் ஒரு வழியால வரும், நிறம் ஒரு வழியால வரும்.”

பாடம் முடிந்து வெளியே வந்து, “இண்டைக்கு மறைச்சிட்டன். ஆனா ஒருநாள் சொல்லத்தான் வேணும். உங்கட வாயால சொல்லுங்கோ” என்றீர்கள்.

அவள் ஆசிரியர் கலாசாலைக்குப் புறப்பட்ட அன்று சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சோத்தப் போடும்மா, பஸ் போயிரும்” என்றாள். அதை உங்களிடம் சொல்ல வந்தபோது, உங்கள் காதுக் கதை மெய்தானா என்று கேட்டேன். சிரித்தீர்கள். பதில் சொல்லாமலே போய்விட்டீர்கள்.

இன்று மகள் என்னையே பார்த்தாள். நான்தான் சொல்ல வேண்டும் என்றது அந்தப் பார்வை.

“உங்கம்மாவ வேற ஒரு அம்மா பெத்தாங்க. வளத்தது நானும் தாத்தாவும்” என்றேன்.

பேத்தி ஒரு பட்டாணியை உருட்டியபடி இருந்தாள். பிறகு தன் காதைத் தடவினாள். “அப்ப என் காது?”

“உங்கப்பாகிட்ட இருந்து வந்திருக்கும்.”

“ஐயோ அம்மாயி! உங்ககிட்ட இருந்து வந்துச்சுன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேனே!”

“சொன்னத மாத்த வேணாம்” என்றாள் உங்கள் மாணவி. அவள் விரல்கள் மறுபடி பட்டாணியைப் பொறுக்கத் தொடங்கின.

‘உங்கட வாயால’ என்றீர்களே டீச்சர். இரண்டு தரம் சொல்லிவிட்டேன். இரண்டு தரமும் யாரும் என்னை விட்டுப் போகவில்லை.