வரிசையில் நிற்காதவர்

மாஸ்டர்,

உங்கள் அலுமாரியின் சாவி போன கிழமைதான் என் கைக்கு வந்தது. திறந்ததும் வெண்கட்டித் தூளும் அச்சு மையும் சேர்ந்த ஒரு மணம். மேல்தட்டில், வகுப்புக்கென்று நீங்கள் திருகோணமலை வீதியில் அச்சடித்த பொய்ச் செக்குகள் ஒரு கட்டு இருந்தன. ‘மாணவர் வங்கி, கண்டி’ என்று தலைப்பு, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. நீங்கள் போய் இரண்டு மாதமாகிறது. மை இன்னும் மணக்கிறது.

இந்தச் செக்குகளைக் கொடுத்துத்தான் பையன்கள் இடைவேளையில் ஒருவரிடம் ஒருவர் கொய்யாக்காய் வாங்கினார்கள். கணக்கில் இல்லாத பணத்துக்குச் செக் எழுதிய ஒருவனைப் பிடித்துக்கொண்டு வந்து, அடி வாங்கிக் கொடுக்க எல்லோரும் ஆவலாக நின்றார்கள். நீங்கள் பிரம்பைத் தொடவே இல்லை. “இனி இவருக்கு ஒருத்தரும் கொய்யாக்காய் குடாதேங்கோ. அதுதான் தண்டனை” என்றீர்கள். பக்கத்து அறையில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மேல்வகுப்புப் பையன்களுக்கு வங்கியும் வட்டியும் பங்கும் படிப்பிக்க வேண்டும் என்று உங்களிடம் யாரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கணக்குப் படிப்பிக்க வந்தவர், அம்பிட்டியவில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தவர், உங்கள் பாட்டில் கணக்கைப் படிப்பித்துவிட்டுப் போயிருக்கலாம். “தேற்றம் படிச்ச பொடியன் கடன் பத்திரத்திலை கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்கிறான்” என்று சொல்லித் தலைமை ஆசிரியரின் பின்னால் அலைந்து, கிழமைக்கு ஒரு பாடம் வாங்கினீர்கள். வட்டிப் பாடம் வந்த நாளில், மார்க்கத்தில் கூடாது என்று வட்டி வாங்காத என்னை வம்புக்கு இழுப்பீர்கள். “வட்டி வேண்டாத மனுசர், வங்கியிலை உமக்கு என்ன வேலை காணும்?” என்பீர்கள். “கள்ளனுக்குப் பயந்து வச்சிரிக்கிறேன், லாபத்துக்கு இல்ல” என்பேன் நான். எத்தனை முறை சொன்னாலும் அந்த இடத்தில் இருவரும் சிரித்தோம்.

பொய்ச் செக்குக்குப் பிறகு உண்மையான கணக்கு. கொழும்புத் தெருவுக்குக் கிட்ட இருந்த சிறிய வங்கியொன்றில் வகுப்பு முழுவதும் கணக்குத் திறந்தது. அந்த வங்கிக்கு இங்கே பெயர் வேண்டாம். கடைக்காரர் பிள்ளைகள் ரூபாய்களாகப் போட்டார்கள். மஹய்யாவ முத்துவேல் சதங்களாகப் போட்டான். அவனுடைய தகப்பன் நகரசபையில் வேலை செய்தவர். தாய்தான் ஒருநாள் பள்ளிக்கூட வாசலுக்கே வந்து கேட்டாள். “போடும்போது சிரிச்சுச் சிரிச்சு வாங்கிக்கிறாங்க. கேட்டாத் திருப்பிக் குடுப்பாங்களா சேர்?”

வேறொருவராக இருந்தால் படிக்காதவள் கேள்வி என்று விட்டிருப்பார். உங்களுக்கு அன்று முழுவதும் அதே பேச்சு. “அந்த மனுசி கேட்டதுதான் சரி. குடுப்பாங்கள் எண்டு நான் சொல்லி அவ நம்பக்கூடாது. பார்த்துத்தான் நம்பவேணும்.” அப்படித்தான் அந்தத் திட்டம் பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பையன்கள் எல்லோரும் போய்ப் பணத்தை முழுவதும் எடுப்பது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பப் போய்ப் போடுவது. மனேஜருக்குச் சொன்னீர்கள். தலைமை ஆசிரியருக்குச் சொன்னீர்கள். எனக்கும் சொன்னீர்கள். தெருவுக்குச் சொல்ல வேண்டும் என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாஸ்டர், எத்தனை வருஷம் இருந்தாலும் நீங்கள் கண்டிக்கு வெளியூர்க்காரர்தான். இங்கே பையனுக்குப் பெயர் கிடையாது, கடைக்குத்தான் பெயர். உங்கள் வகுப்புக் காசிம் என்றால் யாருக்கும் தெரியாது, ‘ஆணிக்கடை’ என்றால் தெரியும். அன்று வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றவன் ‘புகையிலைக்கடை’, அதற்குப் பின்னால் ‘பேக்கரி’. ஒரு கடைக்காரரின் மகன் வங்கிக்குப் போனால் தகப்பன் அனுப்பித்தான் போகிறான். நீங்கள் வெள்ளை உடுப்பில் பையன்களை வரிசையாக நிறுத்தினீர்கள். ஜும்ஆத் தொழுகைக்குப் பிந்தக் கூடாது என்று முஸ்லிம் பையன்களை அன்போடு முன்னால் விட்டீர்கள். அவர்கள் பணத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே பள்ளிவாசலுக்கு வந்தார்கள்.

நான் அங்கே இருந்தேன். கொத்பாப் பிரசங்கம் தொடங்குவதற்கு முன்பே செய்தி கடைசி வரிசை வரைக்கும் வந்துவிட்டது. ரப்பர் விலை விழுந்து, கடைகளில் கடன் தேங்கி, ஊரே காதைத் தீட்டிக்கொண்டிருந்த காலம் அது. ‘ஆணிக்கடைக்காரர் பணத்தை எடுத்துட்டார், புகையிலைக்கடையும் எடுத்தாச்சு, இன்னும் நிக்கிறாங்க’ என்று பேசிக்கொண்டார்கள். தொழுகை முடிந்ததும் மனிதர்கள் செருப்பைத் தேடாமல் வங்கியைத் தேடிப் போனார்கள். இதில் பெரிய வேடிக்கை ஆணிக்கடைக்காரர்தான். தான் பணம் எடுத்துவிட்டதாகத் தன் காதாலேயே கேட்டு, யார் தன் பெயரில் எடுத்தது என்று பார்க்க ஓடினார். மகன் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. இவ்வளவு பேர் எடுக்கும்போது தான் மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும் என்று அவரும் வரிசையில் நின்றார்.

அன்று பின்னேரம் பள்ளிக்கூடத்தில் நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பையன்கள் பணத்தைக் கைலேஞ்சியில் முடிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வங்கி மனேஜர் வியர்த்து விறுவிறுத்து வந்து உங்களைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். கெட்ட மனிதரல்ல அவர். “மாஸ்டர், காலையில் வந்த மாதிரியே பையன்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்து, எல்லாரும் பார்க்கப் போடச் சொல்லுங்க. ஊர் அடங்கிவிடும்” என்று கெஞ்சினார். அடங்கியும் இருக்கலாம். தலைமை ஆசிரியர் கெஞ்சவில்லை. போடச் சொல்லாவிட்டால் அந்த வகுப்பு இனி இல்லை என்றார்.

நீங்கள் வகுப்புக்குள் போனீர்கள். முத்துவேல்தான் எழுந்து கேட்டான். “சேர், திரும்பப் போடலாமா? பேங்க் நல்லாத்தானே இருக்கு?”

“எனக்குத் தெரியாது” என்றீர்கள்.

மாஸ்டருக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்பது பையன்களுக்குப் புதுச் செய்தி. பிறகு நீங்கள் பேசினீர்கள். “தெரிஞ்சதைச் சொல்லுறன். எல்லாரும் ஒரே நாளிலை வந்து கேட்டால் எந்த வங்கியிலையும் காசு இராது. அது கடனாய் வெளியிலை நிக்கும். இதை நான் உங்களுக்குப் படிப்பிச்சிருக்கிறன். இந்த வங்கி இந்த நாளைத் தாங்குமோ எண்டது எனக்குத் தெரியாது. காசை வீட்டிலை குடுத்து, வீட்டாரோடை யோசியுங்கோ.” ஒரு பையன்கூடத் திரும்பப் போய்ப் போடவில்லை. தாழ்வாரத்தில் மனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். “அது பொடியளின்ரை காசு. ஊரை அடக்க நான் அதைக் குடுக்கேலாது” என்று அவரிடம் மெதுவாகச் சொன்னீர்கள்.

மறுநாள் சனிக்கிழமை. நான் விடியவே வரிசையில் நின்றேன், அதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை. வட்டியும் எடுக்காமல் முதலையும் விட்டுவிட்டு வர நான் என்ன எல்லாம் துறந்த அவுலியாவா? கொஞ்ச நேரத்தில் நீங்கள் குடையோடு வந்தீர்கள். உங்களுக்கு இடம் விட்டு ஒதுங்கினேன். நீங்கள் வரிசைக்குள் வரவில்லை. வெளியே நின்று, எனக்கு வெயில் படாமல் குடையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தீர்கள்.

“ஒங்கட காசு உள்ளுக்குத்தானே ஈக்கிது?” என்று கேட்டேன். உங்களுடைய காசு என்று வாயால் சொன்னேனே தவிர, அது உங்கள் தங்கையின் சீதனம் என்பது எனக்குத் தெரியும். தகப்பன் இல்லாத வீட்டில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நீங்கள் சேர்த்தது. மாப்பிள்ளை வீட்டில் பேச்சு முடிந்திருந்தது.

“ஓம், உள்ளுக்குத்தான்.”

“அப்ப வாங்கோ, நில்லுங்கோ.”

“நான் தொடங்கின ஓட்டம் காணும் இது. இதிலை நான் முன்னுக்கு ஓடேலாது.”

“அப்ப பின்னுக்காவது நில்லுங்கோ!”

“பின்னுக்கு நிண்டாலும், எனக்குப் பின்னாலை வாற ஒராளுக்கு நான் முன்னுக்குத்தானே.”

எனக்குக் கோபம் வந்தது. அல்லாஹ்வுக்காக அந்தத் தங்கச்சிப் பிள்ளையை நினையுங்கள் என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் உங்களைக் கண்டுகொண்டு, “மாஸ்டர், ஒங்கட எடுத்தாச்சா?” என்று கேட்டார். நீங்கள் வெறுமனே சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை அவர் தமக்குப் பிடித்த மாதிரி எடுத்துக்கொண்டார். எனக்கு அன்று பணம் கிடைத்தது. திங்கட்கிழமை நண்பகலில் வங்கியின் கதவு சாத்தப்பட்டது. பிறகு திறக்கவே இல்லை.

ஏற்கெனவே உளுத்துப்போயிருந்த வங்கி அது என்று பின்னால் எல்லோரும் சொன்னார்கள். நானும் உங்களுக்கு அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். “உளுத்த மரமெண்டாலும் தள்ளினவன் நான்” என்பீர்கள். பணம் வைத்திருந்தவர்களுக்கு நெடுநாள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது. அது போட்டதில் பாதிக்கும் கீழே. உங்கள் தங்கையின் கலியாணம் தள்ளிப்போயிற்று. நீங்கள் அம்பிட்டிய அறையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, மறுபடியும் முதலிலிருந்து சேர்த்தீர்கள். மத்தியானத்தில் பாணும் சம்பலும். தேத்தண்ணிக்குச் சீனியை நிறுத்திவிட்டு, அதுதான் உடம்புக்கு நல்லது என்று எனக்கே பாடம் எடுத்தீர்கள்.

பையன்களுக்குச் சொல்லலாமே என்று ஒருமுறை கேட்டேன். அப்போதுதான் என்னிடம் வாக்கு வாங்கினீர்கள். “சொல்லாதையும். சொன்னால் அவங்கள் தங்கட காசை எடுத்ததுக்கு வெக்கப்படுவாங்கள். அவங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை.”

ஊரோ தன் கணக்கைத் தானே போட்டுக்கொண்டது. மாஸ்டர் முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிட்டார், பையன்களின் காசைக் காப்பாற்றிவிட்டார், அதற்கும் முதலில் தன் காசை எடுத்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். உங்கள் மதிப்பு ஏறிப்போயிற்று. அந்த வகுப்பை நிறுத்துவேன் என்ற தலைமை ஆசிரியரிடம், ஆணிக்கடைக்காரரே போய்ப் பேசி அதை மீட்டுத் தந்தார். ஹேவாஹெட்டத் தோட்டத்துக் கங்காணியொருவர் மலை இறங்கி வந்து, எந்த வங்கியில் போடலாம் என்று உங்களைக் கேட்டது நினைவிருக்கிறதா? “எனக்குத் தெரியாது ஐயா” என்றீர்கள். அவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, விஷயம் தெரிந்தவர் இப்படித்தான் சொல்வார் என்று என்னிடம் மெச்சிவிட்டுப் போனார். அன்றைக்கு நாம் சிரித்தோம். இப்போது எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்று சொல்கிறேன். உங்களை மஹய்யாவ மயானத்தில் வைத்துவிட்டுத் திரும்பும்போது முத்துவேல் என்னோடு நடந்து வந்தான். இப்போது நகரசபையில் கிளார்க். கண் சிவந்திருந்தது. கொஞ்ச தூரம் வந்ததும் சொன்னான்.

“சேர் மேல எனக்கு உசுரு. ஆனா ஒண்ணு மட்டும் மனசுல நின்னுக்கிட்டே இருக்குங்க. அவரு தன்னோட காசை மொத எடுத்துட்டாரு. அதுல தப்பில்ல, யாரா இருந்தாலும் எடுப்பாங்க. எங்ககிட்ட ‘தெரியாது’ன்னு பொய் சொன்னாரே, அதுதாங்க. எங்களை நம்பிச் சொல்லியிருக்கலாம்.”

மாஸ்டர், அந்த இடத்திலேயே உங்கள் வாக்கை உடைத்துவிட்டேன். நீங்கள் உயிரோடு இருந்தவரை காப்பாற்றினேன், அது போதும் என்று பட்டது. குடையையும் வரிசையையும் தங்கையின் சீதனத்தையும், சீனி போடாத தேத்தண்ணியையும், எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நடப்பதை நிறுத்திவிட்டான்.

“அப்ப சேருக்கு நெசமாவே தெரியாதா?”

“தெரியாது.”

“அந்தத் தங்கச்சிக்கு?”

“கலியாணம் முடிஞ்சிது. மூணு வருஷம் பிந்தி. நேத்து அம்பிட்டிய ஊட்டுல அழுதுகிட்டு இருந்தாங்களே, அவங்கதான்.”

வழியோரத்தில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்க அழுதான். நீங்கள் பயந்தபடியே அவன் வெட்கப்பட்டான். நான் அவனைத் தேற்றவில்லை. உங்களைப் பற்றி ஒருவனாவது சரியாகத் தெரிந்துகொண்டானே என்ற நிம்மதிதான் எனக்கு இருந்தது. தாயிடம் போய்ச் சொல்வேன் என்றான். சொல்லட்டும்.

அந்த வகுப்பை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வட்டி வாங்காதவன் வட்டிப் பாடம் நடத்துகிறேன், நீங்கள் இருந்தால் கிழமை முழுவதும் கேலி செய்திருப்பீர்கள். போன வெள்ளிக்கிழமை ஒரு பையன் எழுந்து, வாப்பா கேட்கச் சொன்னார், எந்த வங்கி பத்திரம் என்று கேட்டான். பத்திரிகையில் படித்தது, என் மாமாவின் கடையில் கேட்டது என்று சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. வகுப்பு முழுவதும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாது என்றேன். சொல்லிவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டேன். என் பணம் எதுவும் எங்கேயும் ஆபத்தில் இல்லை. நீங்களோ தங்கையின் சீதனம் முழுவதையும் உள்ளே வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லை மேசையைப் பிடிக்காமல் நின்று சொன்னீர்கள்.