யாரை உட்கார வைத்தாலும்

என் செல்லக் கழுதைக்கு,

சாம்பியன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நீ அழுததை அம்மா டிவியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். "ஜெயிச்சதுக்கு ஏன்டா இவ அழறா?" என்று என்னைக் கேட்கிறாள்.

அப்புறம் அதே டிவியில் ஒரு தாடிக்காரர் வந்து, "அந்த டீம் கார்ல யாரை உக்கார வெச்சாலும் ஜெயிப்பாங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே அம்மா டிவியை அணைத்துவிட்டாள்.

நமக்கு டீம் கொடுத்த இரண்டு காரும் அச்சு அசலாக ஒன்றுதான். ஆனாலும் உன்னுடையதுதான் நல்ல கார் என்று சீசன் முழுக்கப் புலம்பினேன். கடைசிப் பந்தயத்துக்கு முன்னால், "அப்படின்னா என்னோடதை நீயே எடுத்துக்கோண்ணா" என்று இறங்கிக்கொண்டாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் திட்டித் தீர்த்த காரில் நீ முதலாவதாக வந்தாய். உன் காரில் நான் ஒன்பதாவது.

என் ஹெல்மெட்டைத் துடைத்துப் பரணில் வைத்துவிட்டேன். வந்ததும் அதைக் கீழே இறக்காதே.

தாடிக்காரருக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். நாளைக்கு நானே டிவிக்குப் போகிறேன். "உக்கார வெச்சுப் பாத்தாங்க சார், என்னைத்தான்!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லப்போகிறேன்.

உன் வெற்றிக்கு முதல் சாட்சி,
அண்ணன்