ரோதைமுனி கேட்ட சீனி

அன்பு மகள் வினோதாவுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், நீயும் ஜோர்தானில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கவேண்டும். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். லயத்து ஒற்றை அறையில் எதைப் பேசினாலும் அப்பா காதில் விழுகிறது, இது அவருக்குத் தெரியாமல் உனக்குச் சொல்லவேண்டிய விஷயம்.

மாசி மாதத்திலிருந்து அப்பாவின் சீனி வருத்தம் தானாகக் குறைந்துகொண்டே வந்தது. ஊசியும் அதே அளவு, சோறும் அதே அளவு, ஆனால் விரலில் குத்திப் பார்த்தால் குறைவு. மூடிக்கிடக்கிற, தேயிலை அரைத்த ஸ்டோர் பக்கத்தில் ரோதைமுனிக்கு விளக்கு வைத்த பலன், மெஷின் சக்கரத்தைக் காத்த சாமி என்னையும் காக்குது என்றார் அப்பா. நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு ஒருநாள் காலை, பனிமூட்டம் விலகவில்லை, ஊசி போட்டுவிட்டு வாசலில் நின்றவர் ரோதை சுத்துது, ரோதை சுத்துது என்று சொல்ல ஆரம்பித்தார். ஸ்டோர் பூட்டி எத்தனையோ வருடம், அந்த ரோதைச் சக்கரத்தையும் கழற்றி விற்றுவிட்டார்கள். அந்தக் குளிரில் அவருக்கு உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றியது. என்னைப் பார்த்து நீ யாரு என்று கேட்டார், குரலும் அவர் குரல் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு அக்கா ஓடிவந்து என்ன சாமி வேணும் என்று கேட்க, இனிப்புக் குடு என்றார். சீனியை அள்ளிக் கரைத்துத் தேத்தண்ணி கொடுத்தோம், கொஞ்ச நேரத்தில் முனி இறங்கிவிட்டது. ஏன் எல்லாரும் கூடி நிக்கிறீங்க என்று அப்பா அப்பாவாகவே கேட்டார்.

அதன்பிறகு முனி அடிக்கடி வந்தது. அம்மாக்கண்ணு அக்காவின் காணாமல்போன ஆடு பழைய பங்களாக் கிணற்றில் கிடக்கிறது என்று முனி வந்த நேரத்தில் அப்பா சொன்னார், அங்கேதான் செத்துக் கிடந்தது. அப்புறம் கேட்கவேண்டுமா, டிக்கோயாவிலிருந்தெல்லாம் எலுமிச்சம்பழத்தோடு குறி கேட்க வந்துவிட்டார்கள். வேலையை விட்டபிறகு சாப்பிட்டாயா என்றுகூட யாரும் கேட்காத மனுஷன் காலில் விழுந்து கும்பிட்டார்கள்.

போன வாரம் கொட்டகலை பஜாரில் விழுந்தவர் எழும்பவில்லை. ஓட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நர்ஸ் பிள்ளை அப்பா கையில் சீனித்தண்ணி ஏற்றினாள், முனி போய்விட்டது. அவள் கும்பிடவும் இல்லை, எதையும் கேட்கவும் இல்லை. டொக்டரம்மா அப்பாவின் கால் வீக்கத்தை அமுக்கினார், விழுந்த குழி அப்படியே நின்றது. சிறுநீரும் இரத்தமும் சோதித்துவிட்டு, சிறுநீரில் புரதம் போகிறது, கிட்னி பாதிக்குமேல் பழுது, மூன்று மாதத்தில் திரும்பப் பார்க்கவேண்டும் என்றார். சீனி குறைந்ததே அந்தப் பழுதினால்தானாம். போட்ட ஊசி மருந்து வெளியேறாமல் உடம்பிலேயே தங்கி, சீனியை அடியோடு இறக்கிவிடுகிறதாம். வேர்ப்பதும் ஆள் தெரியாமல் பேசுவதும் அதனால்தானாம். வருடாவருடம் கிளினிக்கில் சிறுநீர் கேட்டிருப்பாங்களே, குடுத்தீங்களா என்று டொக்டரம்மா கேட்டபிறகுதான் அப்பா ஒத்துக்கொண்டார். போத்தலை பஸ்ஸில் கொண்டுபோக வெட்கப்பட்டு வழியிலேயே வீசியிருக்கிறார், பார்த்துக்கொள். ஆட்டைப் பற்றி மட்டும் நான் டொக்டரம்மாவிடம் கேட்கவில்லை.

ஊசியைப் பாதியாகக் குறைத்தார்கள், முனி வரவில்லை. குறி கேட்க வந்தவர்களும் திரும்பிப் போனார்கள். நேற்றுக் காலை பார்க்கிறேன், அப்பா சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, வெறும் வயிற்றில், பழைய அளவு மருந்தைக் குத்திக்கொண்டிருக்கிறார். என்ன செய்றீங்க என்று கத்தினேன். சாமி வரட்டும், இந்த வெறும் பழனியாண்டியத் தேடி யாரு வரப்போறா என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது மகளே, அடுத்த தரம் சீனி கொடுத்தும் எழும்பாமல் போனால் நான் என்ன செய்வேன்? மருந்தை ஒளித்துவைத்து நானே அளந்து போடுகிறேன், ஆனால் நான் கொழுந்து எடுக்கப் போனதும் தேடி எடுத்துவிடுவார். நீ சொன்னால் கேட்பார். இது கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, போன தரம் மாதிரி எனக்கு எப்ப கல்யாணம் சாமி என்று கேட்டுவைக்காதே. அப்பா என்று கூப்பிடு.

நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு இரண்டு பக்கமும் சீனி வருத்தம், அங்கே சிறுநீர் சோதித்தால் வெட்கப்படாமல் கொடு. நானும் சீனிக்கு மாத்திரை குடிக்கிறவள்தானே, திங்கட்கிழமை என்னையும் போத்தலோடு வரச்சொல்லியிருக்கிறார்கள். மாரியம்மா உனக்குத் துணையிருந்து நல்லபடி வீடு சேர்க்கட்டும்.

இதை முடிக்கும்போது ஸ்டோர் பக்கமிருந்து ரோதை சுற்றுகிற சத்தம் கேட்கிறது. அப்பா தூங்குகிறார். எனக்கும் சீனி இறங்கிவிட்டதோ என்று ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டுக்கொண்டேன். சீனி கரைந்துவிட்டது, சத்தம் இன்னும் நிற்கவில்லை.

உன் அம்மா,
லெட்சுமி